பட்டயத்தின்மேற் பட்டமும் வேண்டுமோ?

(நம் சங்கத்தின் மாணாக்கர் பாராட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘கல்வியின் மாண்பு’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எமக்குத் திருமுகம் விடுத்திருந்தார்கள். கல்வியின் மாண்பை அறியாதார் இவ்வவையில் ஒருவரும் இலர். அதனை மீண்டும் எடுத்தோதப் புகுவது, உலைக்களத்திற் பிறந்து வளர்ந்தார்க்குத் தீயின் வெம்மையை விளக்கப் புகுவதனோடொக்கும். ஆதலால் செயலாளர் அவர்களின் இசைவு பெற்றுப் பொருளைச் சுருக்கிக்கொண்டோம். சென்ற சித்திரை தொடங்கி இற்றைநாள் வரையில், பிள்ளைகளின் மேற்படிப்புக் குறித்து எம் வீட்டுத் திண்ணைக்கு வந்து வினவிய நம்மவர் பதினொருவர். அவருள் எழுவர் கேட்டது ஒரே கேள்வி: “வாத்தியார் ஐயா, பிள்ளை பாலிடெக்னிக் முடித்தாயிற்று. மேலே பி. இ. சேர்க்கலாமா, வேலைக்கு அனுப்பலாமா?” இவ்வொரு வினாவை மட்டுமே இன்று ஆராயப் புகுகின்றோம்.

யாம் தமிழ் கற்றுத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். பொறியியல் நுட்பங்கள் எமக்குத் தெரியா. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்தாம் வகுப்பு மாணாக்கரை வழியனுப்பி, அவர் பின்னர் யாது ஆயினர் என்பதையும் கண்டு வருகின்றோம். எம் சொல்லைக் கேட்டு நடந்து நன்மையடைந்தாரும் உளர். கேட்டமையால் இடர்ப்பட்டாரும் உளர். பின்னவரைப்பற்றியும் மறையாது சொல்வோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குவோம். “மூன்று ஆண்டு பாலிடெக்னிக்கிற் போயிற்று, இன்னும் மூன்று ஆண்டு கல்லூரியிற் போக்கினால் வயது வீணாகாதா?” என்று தந்தையர் வருந்துகின்றனர். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின்னர் மேனிலைப் பள்ளியில் 2 ஆண்டும், பொறியியற் கல்லூரியில் 4 ஆண்டும் பயில்வானுக்கு ஆவது 6 ஆண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின்னர்ப் பட்டயப் படிப்பில் 3 ஆண்டும், கல்லூரியில் நேரே இரண்டாமாண்டிற் சேர்ந்து 3 ஆண்டும் பயில்வானுக்கு ஆவதும் அதே 6 ஆண்டு. இருவரும் ஒரே அகவையில் பட்டம் பெறுவர். முன்னவன் இடைவழியில் நின்றுவிட நேரின் அவன் கையில் இருப்பது மேனிலைப் பள்ளிச் சான்றொன்றே. பின்னவனுக்கோ தொழில் தெரிந்தவன் என்று காட்டும் பட்டயம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பின் பட்டயத்தில் இரண்டாமாண்டிற் சேர்ந்து படித்தார்க்கு மட்டுமே ஓராண்டு மிகும். ஆகவே வயது வீணாயிற்று என்னும் கவலையை இவ்வளவில் விட்டுவிடலாம். கவலைப்பட வேண்டியவை வேறு உள.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் சமுதாயக் கல்லூரி என்னும் ஒருவகைக் கல்லூரிகள் உண்டு. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901 ஆம் ஆண்டிலேயே அத்தகைய கல்லூரி யொன்று தொடங்கிற்று. பொருள்வளம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே இரண்டாண்டு குறைந்த செலவிற் பயின்று, விரும்பினால் பல்கலைக்கழகத்தின் மூன்றாமாண்டுக்கு மாறிக்கொள்வர். கலிபோர்னியா மாநிலத்தார் 1960 இல் ஒரு பெருந்திட்டம் வகுத்து இவ்வழியை அகலப்படுத்தினர். ஆயினும், அங்கும் முன்பு கற்ற பாடங்கள் சிலவற்றைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளாமையால் மீண்டும் கற்க நேர்வாரும், வேலைக்குச் சென்று கல்வியை நடுவே விட்டாரும் பலர். வாயில் திறந்திருப்பது ஒன்று, அதன் வழியே நடந்து அக்கரை சேர்வது மற்றொன்று என்பது அங்கும் இங்கும் பொதுவே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் முன்னோர் கையால் உலகுக்குப் பயன்பட்டவர். மரத்தின் வைரமும் இரும்பின் பதமும் அறிந்த அக்கைகளுக்கு மிக நெருங்கிய கல்வி, இன்றுள்ள கல்விகளுள் பட்டயக் கல்வியே என்பது எம் கருத்து. வரைபடம் வரைதல், கடைசல் பொறி இயக்குதல், உருக்கி ஒட்டுதல் எல்லாம் அங்கே கையாற் பயிலப்பெறும். ஆனால் நம்மவரோ அதனை ஒரு குறையாகக் கருதத் தலைப்பட்டுவிட்டனர். திருமண அழைப்பிதழ்களை நோக்குங்கள். மணமகன் பெயருக்குப் பின்னே ‘பி. இ.’ என்பது பெரிய எழுத்தில் இருக்கும். ‘டி. எம். இ.’ படித்த மணமகனாயின் படிப்பை விடுத்து, வேலை செய்யும் தொழிற்சாலையின் பெயரை அச்சிடுவர். இந்த நாணத்தினாலேயே பொருந்தாத இடத்திற் பிள்ளையைச் சேர்த்துக் கடன்பட்ட குடும்பங்கள் நம்மிடையே உள. இதற்கு நேர்மாறாக, “படித்தது போதும், ஜி. டி. நாயுடு எந்தக் கல்லூரியிற் படித்தார்?” என்று கேட்டுப் பிள்ளையை நிறுத்திவிடுவாரும் உளர். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையிலேயே பள்ளியை விட்டது மெய்யே. ஆனால் 1945 இல் அந்நகரில் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றத் துணைநின்று, அவற்றின் முதல்வராகவும் இருந்தவர் அவரே. நான்காண்டுப் பாடத்திட்டம் காலத்தை வீணாக்குவது, இரண்டாண்டே போதும் என்று அரசினரோடு மாறுபட்டு அவர் விலகினார். அவருக்குப் பகை கல்வியன்று, வீண்பொழுதே. அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளையை நிறுத்துவார் இதனையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

பட்டயத்தோடு நிற்பவனுக்கு எவ்வெவ் வாயில்கள் திறக்கும்? இரயில்வேயிலும் மத்திய அரசின் பொதுப்பணித் துறை போன்றவற்றிலும் இளநிலைப் பொறியாளர் தேர்வை அவன் எழுதலாம். மாநில அரசில் இளநிலை வரைதொழில் அலுவலர் பணியும், மின்வாரியத்தில் தொழில்நுட்ப உதவியாளர் பணியும் பட்டயத்துக்குரியவை. 1961 ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஓராண்டு உதவித்தொகையுடன் பெருந்தொழிற்சாலைகளிற் பழகலாம். ஆனால் உதவிப் பொறியாளர் பணிக்கும், மத்திய அரசின் பொறியியற் பணித் தேர்வுக்கும், முதுகலைப் படிப்புக்கும் பட்டம் இன்றியமையாதது. தனியார் தொழிற்சாலைகளிலோ இவ்வேறுபாடு முதல்நாளே தொடங்கிவிடும். டிப்ளமா பெற்றவரை ‘டி. இ. டி.’ என்றும் பட்டம் பெற்றவரை ‘ஜி. இ. டி.’ என்றும் இரண்டு பட்டியலில் எழுதுவர். இரண்டும் பயிற்சிப் பணியே. ஆயினும் ஒரு பட்டியலிலிருந்து மற்றதற்குத் தாவுதல் எளிதன்று.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இடையே ஒன்று சொல்லிவிடுகின்றோம். கல்லூரியிலேயே வந்து தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தாரிடம், “இது நிலையான பணியா? பயிற்சி என்று இரண்டு மூன்று ஆண்டு வைத்திருந்து அனுப்பிவிடும் பணியா?” என்று கேட்க அஞ்சவேண்டா. அவ்வாறு அனுப்பப்பட்டு, இருபத்திரண்டாம் அகவையில் மீண்டும் தொடக்கத்தில் நின்ற இளைஞர் இருவரை நம் ஊரிலேயே யாம் அறிவோம். நியமன ஆணையின் இரண்டாம் பக்கத்தில் அது சிறிய எழுத்தில் இருக்கும். படித்த பின்னரே கையெழுத்திடுக.

இனி எம் பிழையைச் சொல்லவேண்டும். 2009 ஆம் ஆண்டில் எம் பழைய மாணாக்கன் ஒருவன் இயந்திரப் பொறியியலிற் பட்டயம் பெற்று எம்மிடம் வந்தான். நல்ல மதிப்பெண். கலந்தாய்வுக்குச் சென்றால் அரசுக் கல்லூரியில் இடங்கிடைக்கும் நிலை. ஆயின் தந்தை நோயுற்றுப் பட்டறையை மூடிவிட்டார், தங்கை மணப்பருவத்தாள். “நான் என்ன செய்யட்டும் ஐயா?” என்றான். “தம்பி, வீட்டை நோக்கு; வேலைக்குப் போ” என்றோம். அவன் போனான். தந்தையின் மருத்துவச் செலவும் தங்கையின் திருமணமும் அவன் ஊதியத்தால் நடந்தன. யாமும் நல்வழி காட்டினோம் என்று மனநிறைவோடிருந்தோம்.

சில ஆண்டு கழித்து ஊர்த் திருவிழாவில் அவனைக் கண்டோம். அவன் இயக்கும் பொறியின் நெளிவுசுளிவெல்லாம் அவனுக்கு அத்துபடி. ஆண்டுதோறும் புதிதாக வரும் பட்டதாரிகளுக்கு அப்பொறியைக் கற்றுக்கொடுப்பவன் அவனே. கற்றுக்கொண்டோர் ஓராண்டில் அவனுக்கு மேலதிகாரியாகின்றனர். மாலைநேரக் கல்லூரியிற் பட்டம் பெறலாம் என்று முயன்றான். வாரந்தோறும் மாறும் ஷிப்டு முறையால் ஒரு வாரம் வகுப்புக்குச் செல்வதும் மறுவாரம் இழப்பதுமாகி, இரண்டாம் பருவத்தோடு நின்றுவிட்டான். இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்தும் ஏ. எம். ஐ. இ. தேர்வை வீட்டிலிருந்தே எழுதிப் பட்டத்துக்கு நிகரான தகுதி பெறும் வழியொன்று முன்னாளில் இருந்தது. நம் மரபினருள் அவ்வழியே உயர்ந்த மூத்தோர் இவ்வவையிலேயே இருக்கின்றனர். ஆனால் 2013 மே 31 ஆம் நாளுக்குப் பின்னர்ப் பதிவு செய்தார்க்கு அந்நிகர்மை இல்லை என்று மத்திய அரசு வரையறுத்துவிட்டது. அவன் விசாரித்தபோது அந்நாள் கடந்துவிட்டிருந்தது.

அவன் எம்மை நோகவில்லை. “ஐயா, வேலைக்குப் போ என்று நீங்கள் சொன்னது தப்பில்லை. அன்றைக்கு வேறு வழியும் இல்லை. ஆனால், எந்த வருஷம் திரும்பிப் படிக்கப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் நினைவில் வைத்திருப்பேன்” என்றான்.

அன்பர்களே, அவ்விரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நிற்பது குற்றமன்று. மீண்டும் எப்போது, எவ்வழியே என்பதைக் குறித்துக்கொள்ளாமல் நிற்பதே தீங்கு என்பதை எம் மாணாக்கனிடம் யாம் கற்றோம். அன்றுமுதல், வேலைக்குப் போ என்று எவரிடஞ் சொன்னாலும் ஓர் ஆண்டையும் உடன் எழுதித் தருகின்றோம். தங்கை திருமணம் முடியும் ஆண்டு, கடன் தீரும் ஆண்டு, தம்பி சம்பாதிக்கத் தொடங்கும் ஆண்டு, எதுவாயினும் ஆகுக. அவ்வாண்டு வந்ததும் பகுதிநேரப் பட்டப்படிப்பைப்பற்றி விசாரிக்கவேண்டும். கோயம்புத்தூர் முதலிய சில ஊர்களிலேயே அது உளதாதலின், வேலைக்கு ஊரைத் தேரும்போதே அதனையும் கருதுதல் நன்று. சில தொழிற்சாலைகள் தம் தொழிலாளரைத் தாமே படிக்கவைக்கின்றன, அதையும் கேட்டறிக.

இனி, மேலே படிக்கத் துணிந்தார்க்குச் செலவைப்பற்றிச் சொல்லுதும். எல்லா இடமும் ஒரே இடமல்ல. கலந்தாய்வு வழியே கிடைக்கும் இடம் வேறு. கல்லூரி நிர்வாகத்தாரிடம் நேரே சென்று வாங்கும் இடம் வேறு. அரசுப் பொறியியற் கல்லூரிகள் நம் நாட்டிற் சிலவே. கோயம்புத்தூர், காரைக்குடி, சேலம், திருநெல்வேலி, வேலூர், பர்கூர் முதலிய ஊர்களில் அவை உள. அங்கே கற்பிப்புக் கட்டணம் மிகச் சிறிது. சுயநிதிக் கல்லூரிகளுக்கு 2017 இல் கட்டண நிர்ணயக் குழு வரையறுத்தபோது, கலந்தாய்வு வழி வருவார்க்கு ஆண்டுக்கு 50,000 ரூபாயும், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவாயின் 55,000 ரூபாயும், நிர்வாக இடத்துக்கு 85,000 முதல் 87,000 ரூபாயுமாக வைத்தது. பேருந்து, விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணம் இவையெல்லாம் தனி. இவ்வேறுபாட்டோடு மற்றொன்றும் உண்டு. குடும்பத்தில் முதற் பட்டதாரி ஆகுபவர்க்கு அரசு 2010 முதல் அளிக்கும் கற்பிப்புக் கட்டணச் சலுகை, கலந்தாய்வு வழியே சேர்ந்தார்க்கே உரியது. பட்டயம் பெற்ற அண்ணனோ அக்காளோ வீட்டில் இருப்பதால் அச்சலுகை போய்விடாது, பட்டயம் பட்டமன்று. நம்மவர் பலர் இதனை அறியாமையால் சான்றுக்கே விண்ணப்பிப்பதில்லை.

கலந்தாய்வுக்குப் போகாமல், தரகர் ஒருவர் சொற்கேட்டுத் தொலைவிலுள்ள கல்லூரி யொன்றில் நிர்வாக இடம் வாங்கினார் நம் உறவினர் ஒருவர். மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. வங்கிக் கடனும் பெற்றார். கல்விக் கடன் 4 இலட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டாமல் கிடைப்பதென்னவோ மெய்யே. ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி வளர்கின்றது என்பதை அவரிடம் எவரும் விளக்கவில்லை. பையனோ கணிதத்தில் இடறி, மூன்றாண்டுப் படிப்பை ஐந்தாண்டில் முடித்தான். இன்று அவன் செய்யும் வேலை, பட்டயத்தோடு நின்றிருந்தாலும் கிடைத்திருக்கக்கூடிய வேலை. அத்தந்தை இக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

கணிதம் என்றோமே, அதனைச் சிறிது விரித்தல் வேண்டும். நேரே இரண்டாமாண்டிற் சேர்பவன் முதலாண்டுப் பாடங்களைக் கற்பதில்லை. அதனை ஓர் ஆதாயமாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் முதலாண்டில் மற்றையோர் இரண்டு பருவம் உயர்கணிதம் பயின்றிருப்பர். இரண்டாமாண்டின் கணிதப் பாடம் அதன்மேல் எழுப்பிய மேல்மாடி. கீழ்த்தளம் கட்டாமல் மேல்மாடியில் ஏறச் சொன்னால் யாது நிகழும்? பட்டறையிலும் வரைபடத்திலும் முன்னிற்கும் நம் பிள்ளை, அவ்வொரு பாடத்தில் தோற்றுத் தன்னைத் தாழ்வாக எண்ணத் தொடங்குகின்றான். தமிழ்வழியிற் பத்தாம் வகுப்பு முடித்தவனாயின் ஆங்கிலமும் அச்சுறுத்தும். ஆங்கிலம் ஓராண்டிற் பழகிவிடும் என்று அவ்வழி வந்தோர் பலர் எமக்குச் சொல்லியிருக்கின்றனர். கணிதம் அங்ஙனம் தானே பழகிவிடாது. பட்டயத் தேர்வு முடிந்து கல்லூரி திறப்பதற்குள் இரண்டு மூன்று திங்கள் ஒழிவு கிடைக்கிறது. அந்நாட்களில் முதலாண்டுக் கணிதப் புத்தகத்தை ஒரு மூத்த மாணாக்கனிடம் வாங்கி, நாள்தோறும் இரண்டு நாழிகை போட்டுப் பார்க்கட்டும். ஒரு திங்களில் விருப்பம் வளர்ந்தால் தயங்காது சேர்க. புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பு மிகுமாயின், தந்தை எவ்வளவு விரும்பினும், பட்டத்தைச் சில ஆண்டு தள்ளிவைப்பதே நேர்மை. நிபுணர் எவரும் எமக்கு இவ்வுபாயத்தைச் சொல்லவில்லை. எம் மாணாக்கரிடம் கண்டறிந்ததே.

ஆகவே எம் துணிபு இது. கலந்தாய்வில் அரசுக் கல்லூரியோ, பஸ்ஸில் நாள்தோறும் சென்றுவரக்கூடிய நல்ல கல்லூரியோ கிடைத்து, கணிதமும் கைகொடுக்குமாயின், வேலை காத்திருந்தாலும் படிக்கட்டும். கடன்பட்டு வாங்கும் நிர்வாக இடமே வழியென்றால் வேலைக்குப் போகட்டும். திரும்பும் ஆண்டைச் சுவரில் எழுதிக்கொண்டு போகட்டும்.

பெண்மக்கள் திறத்தில் இத்துணிபு சிறிது மாறும். ஆண்பிள்ளை இருபத்தைந்தாம் அகவையில் மீண்டும் படிக்கலாம். பெண்ணுக்கு அவ்வகவையில் நாம் என்ன செய்து வைத்திருக்கின்றோம் என்பதை நாமே அறிவோம். “வேலைக்குப் போய்விட்டுப் பிறகு படிக்கட்டும்” என்று மகளிடம் சொல்லுந் தந்தை, அப்‘பிறகு’ என்பதைத் தம் வீட்டில் எங்கே வைத்திருக்கிறார் என்று தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளவேண்டும். நம் வீடுகளில் மகளுக்குத் திரும்பும் ஆண்டு பெரும்பாலும் வருவதில்லை. ஆதலின், தகுதியுடைய பெண்ணை இப்போதே படிக்கவைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. இதனைச் சொல்லும்போது எமக்குச் சிறிது கடுமை வந்துவிடுகிறது, பொறுத்தருள்க.

அதற்குக் காரணம் ஒரு பெண். பெயர் சொல்லவேண்டா என்று அவளே கேட்டுக்கொண்டாள். மின்னணுவியலிற் பட்டயம் பெற்றவள். கல்லூரியில் முதல் மூவருள் ஒருத்தி. திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. தந்தை தச்சுவேலை செய்பவர். இழைப்புளி தள்ளித் தள்ளி வலத்தோள் தேய்ந்துபோய், இப்போது நாளெல்லாம் வேலை செய்ய இயலாதவர். இருவரும் சென்ற வாரம் எம் இல்லத்துக்கு வந்தனர். தந்தையே பேசினார். பெண்ணின் ஊதியம் வீட்டுக்கு வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. பிறகு தயங்கித் தயங்கி, “முதல் பட்டதாரிச் சலுகை வீட்டுக்கு ஒருத்தருக்குத்தானாமே. அதைப் பையனுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்” என்றார். அப்பெண் தலைகுனிந்து திண்ணையின் விளிம்பை நகத்தாற் கீறிக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, தம்பி பதினொன்றாம் வகுப்பில் என்ன பாடம் எடுத்திருக்கிறான்?” என்று கேட்டோம். “கணக்குப்பதிவியல், வணிகவியல்” என்றார். அச்சலுகை பொறியியல், மருத்துவம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கே உரியது. வணிகவியற் பட்டத்துக்கு அதனால் ஒரு காசும் குறையாது என்று சொன்னோம். அவர் மகளைப் பார்த்தார். மகள் நிமிர்ந்து, “நான் அப்பவே சொன்னேன்” என்று மெல்லச் சொன்னாள். எவனுக்கும் பயன்படாத ஒன்றை மகனுக்கென்று சேமித்து, மகளை மறிக்க இருந்தார் அந்த நல்ல மனிதர். அவர் கொடியவர் அல்லர். சொல்வார் இல்லாமையால் அறியாதவர்.

பின்னர் ஒரு தாளை எடுத்து மூவரும் கணக்கெழுதினோம். ஒரு பக்கம் மூன்றாண்டு ஊதியம், அதிலிருந்து விடுதிக்கும் உணவுக்கும் போவது, வீட்டுக்கு மிஞ்சுவது. மறுபக்கம் திருநெல்வேலி அரசுக் கல்லூரியில் இடங்கிடைத்தால் ஆகும் கட்டணம், பஸ் செலவு. அவள் அரசுப் பள்ளியிற் படித்தவளாதலின், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் திங்கள் 1,000 ரூபாயைப் பட்டயம் பயிலும்போதே பெற்றிருந்தாள். மேற்படிப்புக்கும் அதனைத் தொடர்ந்து பெறுவது எவ்வாறு என்று கல்லூரியிற் கேட்டறிவதாகச் சொன்னாள். அதையும் ஓர் ஓரத்தில் எழுதினோம். வீட்டுக்கு மிஞ்சக்கூடிய தொகை, தந்தை எண்ணியிருந்ததில் பாதியளவே. ஆயினும் அப்பாதியும் அவ்வீட்டுக்குச் சிறிதன்று. அதனை யாம் மறுக்கவில்லை. எவரும் மறுத்தல் கூடாது. தோள் தேய்ந்த ஒருவர் இன்னும் மூன்றாண்டு இழைப்புளி பிடிக்கவேண்டும் என்பதே அக்கணக்கின் பொருள். “நீங்களே முடிவு சொல்லுங்கள், வாத்தியார் ஐயா” என்றார். முடிவு சொல்ல மறுத்துவிட்டோம். 2009 இல் ஒருவனுக்குச் சொல்லிய முடிவு இன்னும் எம் நெஞ்சில் இருக்கிறது.

முந்தாநாள் அவர் மட்டும் வந்தார். கலந்தாய்வுக்குப் போகிறார்களாம். அரசுக் கல்லூரி கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் தொழிற்சாலை என்று தந்தையும் மகளும் பேசி முடிவு செய்துவிட்டனராம். தாம் பெரிய வேலைகளை விட்டுச் சன்னல், நாற்காலி பழுதுபார்த்தலை மட்டும் எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். யாம் அம்முடிவில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

இனி, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அப்பெண்ணுக்கு நம் சங்கத்தின் கல்வி உதவிநிதியிலிருந்து ஏதேனும் வாங்கித் தரலாம் என்று எண்ணிப் படிவத்தை வாங்கி நிரப்பத் தொடங்கினோம். நான்காம் வரியில் எழுதுகோல் நின்றுவிட்டது. ‘பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற மதிப்பெண்’ என்று அங்கே கேட்டிருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் பட்டயம் படித்தவள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு எங்கே போவாள்? அலுவலகத்திற் கேட்டபோது, அவ்வரி வெறுமையாக இருந்தால் படிவம் தள்ளப்படும் என்றனர். சென்ற ஆண்டுகளில் அங்ஙனம் தள்ளப்பட்டவை எத்தனையோ என்று எண்ணும்போதே வருத்தம் மிகுகின்றது. பட்டயம் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவி இல்லையென்பது ஒரு குறை. அவர்கள் பட்டத்துக்கு வந்த பின்னரும் இல்லையென்பது அதனினும் பெருங்குறை. கையால் வாழ்ந்த மரபினர் கட்டிய நிதி இது. கைத்தொழிற் கல்வி கற்று வரும் பிள்ளையை முதலில் விலக்கி வைப்பது நம் கருத்தாக இருந்திராது. படிவத்தை அச்சிட்ட நாளில் இவ்வழியை எவரும் நினைக்கவில்லை, அவ்வளவே.

இன்று மாலை நான்கு மணிக்குப் பொதுக்குழு கூடுகிறது. நான்காம் வரியின் இறுதியில் ‘அல்லது பட்டய மதிப்பெண்’ என்னும் மூன்று சொற்களைச் சேர்க்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கின்றோம். வழிமொழிவார் ஒருவர் வேண்டும். பட்டயம் படித்த பிள்ளைகளின் தந்தையர் இவ்வவையிற் பலர் இருக்கின்றீர்கள். கூட்டம் முடிந்ததும் பந்திக்கு முன்னே எம்மை வந்து காணுங்கள்.